பிரிமணையும் பூத்தட்டும் – வீட்டில் செய்யும் கயிற்றுக் கைவேலை

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகச் சிறியது. ஒரு கயிற்றின்மேல் வண்ண நூலை நெருக்கமாகச் சுற்றி, அந்தக் கயிற்றைச் சுருட்டியும் வளைத்தும் தைத்து, வீட்டுக்கு அழகும் பயனும் தரும் சிறு பொருள்களைச் செய்வது எப்படி என்பதே அது. டம்ளர் வைக்கும் வட்டத் தட்டு, சுவரில் மாட்டும் வானவில், கைக்கு வளையல் இவற்றையெல்லாம் இந்த ஒரே முறையில் செய்யலாம்.

"கயிறு சுற்றுவதற்கும் வானொலியில் ஒரு பேச்சா?" என்று சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தவறில்லை. ஆனால், இந்த வேலை நமக்குப் புதியதன்று. நம் வீட்டுப் பாட்டிமார்களின் கையில் இருந்தது. அவர்களின் கையோடு போய்விடும் நிலையில் இருப்பது. அதனால்தான் இதைப் பேச வந்தேன்.

பிரிமணை என்றால் என்ன என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரியாது. மண்சட்டிக்கும் குடத்துக்கும் அடிப்பகுதி உருண்டையாக இருக்கும். சமதரையில் வைத்தால் உருளும். அது சாயாமல் நிற்பதற்காக வைக்கோலையோ தேங்காய் நாரையோ தடித்த புரியாக முறுக்கி, வளையமாக வளைத்து, அதன்மேல் மீண்டும் புரியைச் சுற்றி ஒரு வட்ட மணை செய்வார்கள். அதுதான் பிரிமணை. தலையில் சுமை தூக்குகிறவர்கள் துணியை முறுக்கி வளையமாக வைத்துக்கொள்ளும் சும்மாடும் அதன் உறவுதான். பூனைக்கு எட்டாமல் பால் சட்டியைத் தொங்கவிட்ட உறியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

நம்மோடு வாழும் மலாய்க்காரர் வீடுகளில் இதே வேலைக்கு 'லேக்கார்' என்று ஒன்று உண்டு. பிரம்பிலும் ஈர்க்கிலும் பின்னிய அந்த வட்டத்தின்மேல் சட்டியை இறக்கி வைப்பார்கள். இன்னும் தொலைவுக்குப் போனால், எகிப்து நாட்டில் ஃபயூம் என்னும் இடத்தில் 1920-ஆம் ஆண்டுகளில் அகழாய்வு செய்தபோது, ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட தானியக் குழிகள் கிடைத்தன. அந்தக் குழிகளின் உட்புறத்தில் வைக்கோலைச் சுருள் சுருளாகச் சுற்றித் தைத்த பின்னலை வைத்திருந்தார்கள். ஆகவே, உலகத்தின் மிகப் பழைய கைத்தொழில்களுள் ஒன்று நம் அடுப்பங்கரையில் சட்டிக்கு அடியில் இருந்திருக்கிறது. நாம்தான் அதைத் தொழில் என்று எண்ணவில்லை.

எங்கள் பள்ளியில் ஒருமுறை, "உங்கள் வீட்டில் கையால் செய்த பொருள் ஏதேனும் இருந்தால் எடுத்து வாருங்கள்" என்று மாணவர்களிடம் சொன்னேன். முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் ஒரு சிறுமி மட்டும் ஒரு பழைய பிரிமணையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்து, "என்ன டீச்சர் இது, கயிற்று வளையம்?" என்று சிரித்தார்கள். அந்தச் சிறுமிக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் அவளுடைய பாட்டியைப் பள்ளிக்கு வரச் சொல்லி அனுப்பினேன். எழுபது வயதைத் தாண்டியவர். இளமையில் பால் மரம் வெட்டியவர். "இதுக்கெல்லாமா பாடம் நடத்துறீங்க?" என்று வெட்கப்பட்டுக்கொண்டே வந்தார். தரையில் அமர்ந்து, கொஞ்சம் தேங்காய் நாரைக் கேட்டு வாங்கி, பெருவிரலால் காலோடு சேர்த்து அழுத்தி முறுக்கத் தொடங்கினார். கால் மணி நேரத்தில் வளையம் உருவாகிவிட்டது. வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. சிரித்த பிள்ளைகளே பிறகு அவரைச் சுற்றி உட்கார்ந்து, "பாட்டி, எனக்கும் சொல்லிக் கொடுங்க" என்று கேட்டார்கள்.

அன்று அந்தப் பாட்டி சொன்ன ஒரு சொல்லை நான் கரும்பலகையில் எழுதிவைத்தேன். "மேல சுத்துறது அழகுக்கு. உள்ள இருக்கிற புரிதான் சட்டியைத் தாங்கும். உள்ள முறுக்கு விட்டுப் போச்சுன்னா மேல என்ன சுத்தினாலும் சாஞ்சிடும்." இன்றைய பேச்சு முழுவதற்கும் இதுவே அடிப்படை. உள் கயிறு, மேல் சுற்று, இரண்டு முனைகள். இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொண்டவருக்கு இக்கலை முழுவதும் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

முதலில் வேண்டிய பொருள்களைச் சொல்கிறேன். எதையும் காசு கொடுத்து வாங்க அவசரப்படாதீர்கள். உள் கயிற்றுக்குத் தேங்காய்க் கயிறு நல்லது. துணி உலர்த்தும் பழைய பருத்திக் கயிறும் நல்லது. அதுவும் இல்லையென்றால், கிழிந்த கைலியையோ வேட்டியையோ இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் கிழித்து முறுக்கினால் கயிறு கிடைத்துவிடும். மேலே சுற்றுவதற்குக் கம்பளி நூல் என்று கடைகளில் விற்கும் தடித்த நூல், தடித்த பருத்தி நூல், சாக்கிலிருந்து உருவிய சணல் நூல், பழைய சேலையின் மெல்லிய கிழிசல் இவற்றுள் எதுவும் ஆகும். நைந்துபோன பட்டுச் சேலையின் சரிகைக் கரையை இடையிடையே சுற்றினால் தங்கக் கோடு போட்டதுபோல் இருக்கும். இவற்றோடு ஒரு கோணி ஊசி, ஒரு கத்தரிக்கோல், ஓர் அளவுகோல். அவ்வளவுதான் கருவிகள்.

நூலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கடையில் 'கம்பளி நூல்' என்று வாங்குவது பெரும்பாலும் ஆட்டு ரோமம் அன்று. தொழிற்சாலையில் செய்யப்பட்ட செயற்கை நூல். நாம் மூட்டை கட்டப் பயன்படுத்தும் ராஃபியாவும் பிளாஸ்டிக்தான். இவை வண்ணம் மங்காமல் பளிச்சென்று இருக்கும். ஈரத்தில் பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது. ஆனால், சூடு ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை இவற்றின்மேல் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். சூடான பாத்திரம் வைக்கும் மணை செய்வதென்றால் தேங்காய் நார், பருத்தி, சணல் ஆகியவற்றை மட்டுமே பயன்படுத்துங்கள். கையிலுள்ள நூல் எந்த வகை என்று தெரியாவிட்டால், ஒரு விரற்கடை நூலை இடுக்கியில் பிடித்துத் தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். செயற்கை நூல் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான மணிபோல் ஆகும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். பிள்ளைகள் கையில் தீக்குச்சியைக் கொடுக்காதீர்கள்.

தேங்காய் நாருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மரத்துக்கு உறுதி கொடுக்கும் லிக்னின் என்னும் பொருள் அதில் மிகுதியாக இருக்கிறது. அதனால் பருத்தியைப்போல் விரைவில் மக்காது; தண்ணீர் பட்டாலும் தாங்கும். நம் முன்னோர் கிணற்றங்கரைக்கும் அடுக்களைக்கும் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான்.

இனி வேலைக்கு வருவோம்.

உள் கயிறு பென்சிலைவிடச் சற்று மெல்லியதாக, அதாவது 6 மில்லிமீட்டர் தடிமனாக இருக்கட்டும். அதன் தொடக்க முனையை நேராக வெட்டாமல், பென்சில் சீவுவதுபோல் சரிவாக வெட்டிக்கொள்ளுங்கள். சுருட்டத் தொடங்கும் இடத்தில் புடைப்பு வராமல் இருக்க இது உதவும்.

நூலின் நுனியை எங்கும் முடிச்சுப் போட வேண்டாம். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் முதலில் முடிச்சுப் போடுவார்கள். அது உருண்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நுனியைக் கயிற்றின் மேலேயே நீளவாக்கில் 3 சென்டிமீட்டர் படுக்க வையுங்கள். பிறகு அந்த நுனியையும் சேர்த்து மூடும்படி நூலைச் சுற்றிக்கொண்டு வாருங்கள். பத்துச் சுற்று ஆனதும் நுனியை இழுத்துப் பாருங்கள். வரவே வராது. நூலின் இறுக்கமே அதற்குப் பூட்டு. கப்பல்களில் கயிற்றின் முனை பிரியாமல் இருக்க மாலுமிகள் நூல் சுற்றிக் கட்டுவதும் இந்த முறையில்தான்.

சுற்றும்போது ஒரு நுணுக்கம் உண்டு. நூலைக் கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனால் கை வலிக்கும், நூலும் முறுக்கிக்கொள்ளும். நூலை ஒரு கையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கயிற்றை மற்றொரு கையால் உருட்டுங்கள். நூல் தானாக வந்து படியும். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதன்மேல் ஏறவும் கூடாது, விலகவும் கூடாது. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை பெருவிரல் நகத்தால் பின்னுக்குத் தள்ளி நெருக்கிக்கொள்ளுங்கள். நேராக இருக்கும்போது நெருக்கமாகத் தெரிவது, கயிற்றை வளைத்தவுடன் வெளிப்பக்கத்தில் பிளந்து உள்கயிற்றைக் காட்டிவிடும். ஆகவே, வளைக்கப்போகும் கயிற்றுக்கு இன்னும் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பார்களே, அந்தப் பழமொழி இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும்.

நிறம் மாற்ற வேண்டுமானால், பழைய நூலின் நுனியையும் புதிய நூலின் நுனியையும் கயிற்றோடு படுக்க வைத்து, இரண்டையும் மூடிக்கொண்டு புதிய நிறத்தைச் சுற்றுங்கள். முடிக்கும்போது நூலின் கடைசி நுனியைக் கோணி ஊசியில் கோத்து, கடைசிப் பத்துச் சுற்றுகளுக்கு அடியில் செலுத்தி இழுத்து, மிச்சத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். முனை தெரியவே தெரியாது. நல்ல வேலைக்கும் அரைகுறை வேலைக்கும் உள்ள வேறுபாட்டை இந்த முனையில்தான் பார்க்கலாம்.

இப்போது பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் கயிற்றின் தடிமன் 6 மில்லிமீட்டர்; நூலின் தடிமன் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நூல் வேண்டும்? நூலின் நடுப்பகுதி 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் ஓடுகிறது. 8-ஐ 22/7-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் கயிற்றை மூட ஐந்து சுற்று வேண்டும். ஆகவே, ஒரு சென்டிமீட்டர் கயிற்றுக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் நூல். கயிற்றின் நீளத்தைப்போல் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு நூல் வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூல் பாதியில் தீர்ந்துபோய், அதே நிறம் கடையில் கிடைக்காமல் வருந்துவதைவிட முதலிலேயே கணக்குப் பார்ப்பது மேல் அல்லவா?

முதற்பொருள், டம்ளர் வைக்கும் வட்டத் தட்டு. குறுக்களவு 10 சென்டிமீட்டர் போதும். நூல் சுற்றிய கயிறு 10 மில்லிமீட்டர், அதாவது ஒரு சென்டிமீட்டர் தடிமனாகிவிடும். வட்டத்தின் பரப்பளவு ஏறத்தாழ 78 சதுர சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கயிற்றால் அதை நிரப்ப 78 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். கொஞ்சம் கூட்டி 85 சென்டிமீட்டர் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். நூல், தையலுக்கும் சேர்த்து 12 மீட்டர் வேண்டும். இதை ஒரே நீளமாக வைத்துக்கொண்டு போராட வேண்டாம். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளத்துக்கு வெட்டி, தீரத்தீரப் புதிய நூலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரிவாக வெட்டிய முனையிலிருந்து 5 சென்டிமீட்டர் சுற்றியதும், அதை நத்தைபோல் சுருட்டி, ஊசியால் நடுவே இரண்டு தையல் போட்டு இறுக்குங்கள். இனி ஊசி நூலோடேயே இருக்கட்டும். வெறும் கயிற்றின்மேல் ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். ஆறாவது சுற்றை, பக்கத்தில் இருக்கும் உள்வரிசைக் கயிற்றையும் சேர்த்துக் கட்டும்படி ஊசியால் கோத்து இழுங்கள். மீண்டும் ஐந்து சுற்று, ஒரு கட்டு. இப்படியே வட்டம் வளர்ந்துகொண்டு போகும். வெளிவரிசைகள் பெரிதாகும்போது, முன்வரிசைக் கட்டுகளை அடுத்து அடுத்துப் போட்டு வந்தால், தட்டின்மேல் சக்கரத்தின் ஆரக்கால்போல் ஓர் அழகிய கோலம் தானாகவே விழும்.

தட்டு சமமாக வராமல் கிண்ணம்போல் குழிந்தால் கயிற்றை அளவுக்கு மேல் இழுக்கிறீர்கள் என்று பொருள். ஓரம் அலை அலையாக நெளிந்தால் கயிற்றைத் தளர்த்திவிட்டீர்கள் என்று பொருள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். குழிவு வருவதையே பயனாக்கிக்கொள்ளவும் முடியும். வட்டம் 10 சென்டிமீட்டர் ஆனதும், அடுத்த வரிசையைப் பக்கத்தில் வைக்காமல் மேலே ஏற்றித் தைத்துக்கொண்டே போனால் சிறிய பூத்தட்டு, ஊசி நூல் வைக்கும் கிண்ணம், சில்லறைக் காசு வைக்கும் கூடை என்று விரும்பியதைச் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, சுவரில் மாட்டும் வானவில். இது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. உள் கயிற்றை 13, 16, 19, 22, 25 சென்டிமீட்டர் என ஐந்து துண்டுகளாக வெட்டுங்கள். ஏன் மூன்று மூன்றாகக் கூடுகிறது? ஒவ்வொரு வளைவும் முந்திய வளைவைவிட ஒரு சென்டிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது. அரைவட்டத்தில் ஆரம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் நீளம் மூன்றே சொச்சம் சென்டிமீட்டர் கூடும். வானவில் எவ்வளவு பெரிதானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒவ்வொரு துண்டிலும் இரு முனைகளிலும் 3 சென்டிமீட்டர் விட்டுவிட்டு, நடுப்பகுதியை மட்டும் ஒவ்வொரு நிறத்தில் சுற்றுங்கள். 3 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறு மருந்துப் புட்டியின்மேல் மிகச் சிறிய துண்டை முதலில் வளையுங்கள். அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று அடுக்கி, பின்பக்கத்தில் குறுக்கே தையல் போட்டுச் சேர்த்துவிடுங்கள். சுற்றாமல் விட்ட முனைகளைப் பிரித்துச் சீப்பால் வாரினால் குஞ்சம்போல் தொங்கும். எல்லாவற்றையும் ஒரே மட்டமாக வெட்டிவிட்டு, மேலே ஒரு நூல் வளையம் வைத்தால் சுவரில் மாட்டலாம்.

மூன்றாவது, வளையல். நிறம் மங்கிய பழைய பிளாஸ்டிக் வளையலை எறிந்துவிடாதீர்கள். அதையே உள் கயிறாகக் கொண்டு மெல்லிய நூலைச் சுற்றினால் சேலைக்கு ஏற்ற வளையல் தயார். தீபாவளிக்கு முன் வீட்டிலுள்ள சிறுமிகளே தங்களுக்கும் தோழிகளுக்கும் செய்துகொள்ளலாம். காலிப் புட்டியின்மேல் கயிற்றைச் சுற்றிப் பூச்சாடி செய்வதும் இதே வழிதான்.

செய்த பொருளைப் பேணுவது பற்றியும் ஒரு சொல். நம் நாட்டின் காற்றில் ஈரம் அதிகம். மழைக்காலத்தில் பருத்திக்கும் சணலுக்கும் பூஞ்சணம் பிடிக்கும். பயன்படுத்தும் தட்டுகளை வாரம் ஒருமுறை காற்றாட வெயிலில் போடுங்கள். அடர்ந்த சிவப்பு, நீல நூல்களை வேலை தொடங்குமுன் நனைத்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெள்ளை நூலோடு சேர்க்காதீர்கள். மிக முக்கியமானது, கைக்குழந்தைகள் தவழும் இடத்தில் நீண்ட கயிற்றையும் ஊசியையும் கத்தரிக்கோலையும் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு உயரத்தில் வைத்துவிடுங்கள்.

இனி, உங்கள் மனத்தில் எழக்கூடிய கேள்விக்கு வருகிறேன். "டீச்சர், இதைச் செய்து விற்றால் காசு வருமா?" என்று தாய்மார்கள் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை.

ஒரு தட்டுக்கு நூல் செலவு ஒரு வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பழகாத கைக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதை ஐந்து வெள்ளிக்கு விற்றால் மிஞ்சுவது நான்கு வெள்ளி. அதாவது மணிக்கு இரண்டு வெள்ளி. தோட்டத்துச் சம்பளத்துக்கு இது ஈடாகுமா? ஆகாது. ஆகவே, இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதை நம்பி இறங்குங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதைவிட முக்கியமாக, "முன்பணம் கட்டுங்கள், நூலும் கயிறும் தருகிறோம், செய்து முடித்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று வீடு தேடியும் கைப்பேசி வழியாகவும் சொல்பவர்கள் உண்டு. முன்பணம் கட்டியபின், "தரம் போதவில்லை" என்று பொருளைத் திருப்பிவிடுவார்கள்; அல்லது ஆளையே காண முடியாது. வேலை கொடுப்பவர் வேலை செய்பவரிடம் பணம் கேட்க மாட்டார். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருந்தால் உங்கள் சேமிப்புத் தப்பும்.

அப்படியானால் விற்கவே கூடாதா? விற்கலாம். ஆனால், வரிசை மாறக் கூடாது. முதலில் செய்வது நம் வீட்டுக்கு. அடுத்துச் செய்வது உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் அன்பளிப்பாக. திருமணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று நமக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லாத மாதம் உண்டா? கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பொருளைவிட, கையால் செய்த ஆறு தட்டுகளை ஒரு கட்டாகக் கட்டிக் கொடுத்தால் மதிப்பு மிகுதி. அந்த அளவில் மிச்சமாகும் காசும் வருமானம்தான். கை பழகி, ஒரு தட்டை ஒரு மணி நேரத்தில் முனை தெரியாமல் முடிக்கும் திறமை வந்தபின், கோயில் திருவிழாவிலும் பள்ளிச் சந்தையிலும் வைத்துப் பாருங்கள். விலை சொல்லும்போது நூலின் விலையை மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு. இன்னும் முன்னேற விரும்பும் இளைஞர்கள், 1979-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மலேசியக் கைவினை மேம்பாட்டுக் கழகத்தை அணுகி, பயிற்சிக்கு என்ன வாய்ப்பு இருக்கிறது என்று நேரில் விசாரிக்கலாம். கேரித் தீவில் வாழும் மா மெரிப் பழங்குடிப் பெண்கள் தாழை ஓலையிலும் நிப்பா ஓலையிலும் தங்கள் பாட்டிமார் கற்றுக்கொடுத்ததைச் செய்தே பெயர் பெற்றிருக்கிறார்கள். அந்தத் தீவின் செம்பனைத் தோட்டங்களில் நம் மக்களும் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டார் தங்கள் கைத்தொழிலைப் போற்றுவதைப் பார்த்தும் நம் பிரிமணையை நாம் மறந்துவிடலாமா?

காசுக்கு அப்பாற்பட்ட பயன் ஒன்றையும் ஓர் ஆசிரியை என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன். பாடம் படிப்பதில் பின்தங்கிய பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் தலை குனிவான். கயிறு சுற்றத் தொடங்கியபோது வகுப்பிலேயே நெருக்கமான சுற்று அவனுடையதாக இருந்தது. மற்றவர்கள் தங்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு அவனிடம் போய், "எப்படிடா முனையை மறைச்சே?" என்று கேட்டார்கள். அவன் சொல்லிக் கொடுத்தான். சில நாள் கழித்து, நூலை அளக்க வேண்டும் என்பதற்காகவே பெருக்கல் வாய்பாட்டைக் கேட்டு வந்தான். அவன் ஒரே நாளில் முதல் மாணவன் ஆகிவிட்டான் என்று கதை சொல்ல மாட்டேன். ஆனால், தலை நிமிர்ந்து உட்கார்ந்தான். 'உனக்கு ஒன்றும் வராது' என்ற சொல்லைக் கேட்டே வளரும் பிள்ளைக்கு, 'எனக்கு இது வரும்' என்று காட்ட ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் அந்தச் சொல்லை நாம் எத்தனை முறை எண்ணாமல் சொல்லிவிடுகிறோம்!

மூத்தவர்களுக்கும் அப்படியே. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, வீட்டு நிலமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது, லயத்தில் ஒன்றாக வாழ்ந்த குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறிப் போயின. அங்கே நம் பாட்டிமார்களுக்கு முற்றமும் இல்லை, மரத்தடியும் இல்லை, பேச்சுத் துணையும் இல்லை. நாள் முழுவதும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் மூழ்கியிருக்கிறார்கள். இருவருக்கும் நடுவே பேச ஒரு பொருள் இல்லை. ஒரு முழக் கயிற்றையும் கொஞ்சம் நூலையும் அவர்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். பாட்டிக்குப் பார்வை மங்கியிருக்கலாம்; விரலுக்கு முறுக்குத் தெரியும். பேரனுக்கு முறுக்கத் தெரியாமல் இருக்கலாம். ஊசியில் நூல் கோக்கக் கண் இருக்கிறது. ஒருவர் கை இல்லாமல் மற்றவர் வேலை முடியாது.

ஆகவே நேயர்களே, இந்த வார இறுதியில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள மூத்தவரிடம், "பிரிமணை எப்படிச் செய்வீங்க?" என்று கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றுதான் முதலில் சொல்வார்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். எந்த நாரை எடுத்தார்கள், எவ்வளவு நேரம் ஊறவைத்தார்கள், எந்தப் பக்கம் முறுக்கினார்கள், முனையை எங்கே செருகினார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பிறகு 85 சென்டிமீட்டர் கயிறும் 12 மீட்டர் நூலும் எடுத்து, ஒரே ஒரு தட்டுச் செய்யுங்கள். முதல் தட்டு கோணலாக வரும். அதையும் எறியாமல் வைத்திருங்கள். ஐந்தாவது தட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது உங்கள் கை கற்றுக்கொண்டது என்ன என்பது உங்களுக்கே தெரியும்.